மக்களே, அம்மா எழுதுகிறேன்

அன்புள்ள மக்களே,

ஞாயிற்றுக்கிழமை போனைச் சீக்கிரம் வைத்துவிட்டாய், வேலை இருக்கும் என்று நினைத்தேன். நீ அனுப்பிய பணத்தைச் சித்தியின் சீட்டுக்குக் கட்டிவிட்டேன். கிணற்றடியில் மட்டி வாழை குலை தள்ளியிருக்கிறது. சரி, அதெல்லாம் இருக்கட்டும். பேசும்போது இரண்டு தடவை நீ வாயைப் பொத்திக்கொண்டு இருமியது எனக்குக் கேட்டது.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நகக்கண்ணில் இருந்த சிவந்த பொடியைக் காட்டி, லென்ஸை மினுக்கும் சீரியம் இது, நம்ம மணவாளக்குறிச்சி மணலில் உள்ள மோனசைட் என்கிற தாதுவிலும் இது உண்டு, 1909-ல் ஒரு ஜெர்மன்காரர் இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மண்ணில்தான் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார் என்றெல்லாம் சொன்னாயே, கோயில் முற்றத்தில் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன். அன்றைக்கே இன்னொன்றும் சொன்னாய். தேய்க்கும்போது தண்ணீர் ஓடுவதால் தூசி பறக்காது, தரையில் காய்ந்து கிடக்கும் சேற்றை வாரியலால் பெருக்கும்போதுதான் முகம் தெரியாமல் மூடும் என்று. அதுதான் எனக்கு ராத்திரியெல்லாம்.

காய்ந்ததைப் பெருக்க விடாதே, ஈரத்துணியால் துடைக்கச் சொல்லு, சூப்பர்வைசர் முறைத்தால் முறைக்கட்டும். துண்டு கட்டினால் போதாது, என்95 மாஸ்க் கேள். லென்ஸைப் பிடித்து நிறுத்த உருக்கி ஊற்றுகிற உலோகத்தில் ஈயமும் காட்மியமும் இருக்கிறதாமே, சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் கை வைக்காதே. மாஸ்க் போடு மக்களே.

அது கல்லு இல்லை அம்மா, கண்ணாடி என்பாய். தூசி தூசிதானே.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அப்பா கல்லுடைக்கும் கிரஷரிலிருந்து வந்து இரும ஆரம்பித்த வருஷம் நான் பீடியைத்தான் குற்றம் சொன்னேன், ஒளித்து வைத்தேன், ஒரு மாதம் அவரோடு பேசாமல்கூட இருந்தேன். எனக்குத் தெரியாமல் இல்லை. அவர் சட்டையை அலசினால் தண்ணீர் வெள்ளையாகத்தான் வடியும். அந்த வேலையை விட்டால் உன் ஐடிஐ பீஸுக்கு வழியில்லை என்று வாயை மூடிக்கொண்டேன். ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்து, எத்தனை வருஷமாகக் கல்லு வேலை என்று கேட்டபோது அப்பாதான் பதில் சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஈஎஸ்ஐ கார்டு பர்ஸில்தானே இருக்கிறது? இந்த வாரமே போய் நெஞ்சு எக்ஸ்ரே எடு. என்ன வேலை என்று டாக்டரிடம் நீயே சொல்லு, அவர் கேட்கட்டும் என்று இருக்காதே. லீவு தரமாட்டேன் என்றால் சம்பளம் போனாலும் போ.

இந்த மாதம் பணம் அனுப்பாதே. சீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா