படகு டிரெய்லரில் வெள்ளை ஒயர்தான் எர்த்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை, பொழுது சாய்ந்த பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் பழகிப்போன காட்சி இது. முன்னால் ஒரு பிக்கப், பின்னால் டிரெய்லரில் ஃபைபர் வல்லம். பிக்கப்பின் சிவப்பு விளக்குகளைப் படகு மறைத்துவிடுகிறது. டிரெய்லரில் விளக்கு இருக்கும், எரியாது. அல்லது பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மினுக்கும். ஓட்டுநரைத் திட்டிப் பயனில்லை. பத்தில் எட்டு டிரெய்லரில் பல்பும் நல்லது, ஃப்யூஸும் நல்லது, எர்த்தான் கெட்டது என்று வாகன மின்வேலை செய்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பிரேக் லைட்டுக்குப் போன கரண்ட் எர்த் வழியாக, அதாவது பேட்டரி நெகட்டிவுக்குப் போகும் ஒயர் வழியாக, திரும்பி வர வேண்டும். அந்த வழி அடைபட்டால் அது சும்மா இருக்காது. பக்கத்தில் இருக்கும் பார்க் லைட் இழைக்குள்ளோ இண்டிகேட்டருக்குள்ளோ புகுந்து, அந்த ஒயர் வழியாகவே பிக்கப்புக்குத் திரும்பப் பார்க்கும். அதனால்தான் ஒன்றை மிதித்தால் இன்னொன்று மங்கலாக எரிகிறது. இப்படி எரிவதைப் பார்த்ததும் பல்பை மாற்றுவது வீண்செலவு. முதலில் எர்த்தைப் பாருங்கள்.

பலர் டிரெய்லருக்குத் தனி எர்த் ஒயரே இழுப்பதில்லை. 'இரும்போடு இரும்பு தொடுகிறதே, போதும்' என்று இழுவைக் குண்டை (டிரெய்லரை மாட்டப் பிக்கப்பின் பின்னால் இருக்கும் இரும்புக் குண்டு) நம்பி விட்டுவிடுகிறார்கள். குண்டில் கிரீஸ், அதன் மேல் உட்காரும் கப்ளிங்கில் துரு, இரண்டுக்கும் நடுவே உப்பு. பள்ளத்தில் ஒரு குலுக்கலுக்குத் தொடும், அடுத்த குலுக்கலுக்கு விடும். பேட்டரி நெகட்டிவிலிருந்தோ சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) பெயின்டைச் சுரண்டிப் போட்ட போல்ட்டிலிருந்தோ பிளக் வழியாக விளக்கு வரைக்கும் தனி ஒயர் போக வேண்டும்.

அதன் தடிமனுக்கும் கணக்கு உண்டு. பிரேக் இரண்டு 21 வாட், இண்டிகேட்டர் இரண்டு 21 வாட், பார்க் இரண்டு 5 வாட். அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு பிரேக்கும் மிதித்தால் 94 வாட், 12 வோல்ட்டில் சுமார் 8 ஆம்பியர். அவ்வளவும் திரும்பி வருவது அந்த ஒரே எர்த்தில். 10 மீட்டருக்கு 1 சதுர மி.மீ. ஒயர் போட்டால் ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் வழியிலேயே போய்விடும். ஒன்றரை வோல்ட் குறைந்தால் சாதாரண பல்பின் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு காலி. இரண்டரை சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.6 வோல்ட்டோடு நிற்கும். விளக்குகளுக்குப் போகும் மற்ற ஒயர்களுக்கு ஒன்றரை சதுர மி.மீ. தாராளம்.

அடுத்தது ஏழு முனை பிளக். 12 வோல்ட் வட்ட பிளக்குக்கு ஐ.எஸ்.ஓ. 1724 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. முதல் முனை இடது இண்டிகேட்டர், மஞ்சள் ஒயர். 2 பின்பனி விளக்கு, நீலம். 3 எர்த், வெள்ளை. 4 வலது இண்டிகேட்டர், பச்சை. 5 வலது பார்க் லைட், பழுப்பு. 6 பிரேக், சிவப்பு. 7 இடது பார்க் லைட், கறுப்பு. சிக்கல் கடைசியில்தான். வண்டி ஒயரிங்கில் கறுப்பைக் கண்டால் எர்த் என்றே கை பழகியிருக்கிறது. கறுப்பை சேசிஸில் முறுக்கிவிட்டு, மிஞ்சிய வெள்ளையை இடது பார்க் லைட்டுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். சரியாக ஒயரிங் செய்த டிரெய்லரை அந்தப் பிக்கப்பில் மாட்டிப் பார்க் லைட்டைப் போட்டால், டிரெய்லரின் இரும்புச் சட்டம் முழுக்க 12 வோல்ட் ஏறும். குண்டு தொட்டால் ஃப்யூஸ் போகும், தொடாவிட்டால் விளக்குகள் தலைகீழாக எரியும். குண்டு தொடும்போது மட்டும் ஃப்யூஸ் போவதால், காரணம் தெரியாமல் நாள் கணக்கில் தேடுவார்கள். நிறத்தை நம்பாமல் பிளக்கில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து மாட்டினால் இந்த வம்பே இல்லை. அமெரிக்க வகைத் தட்டை முனை பிளக்கில் வரிசை வேறு. இரண்டையும் கலக்கக் கூடாது.

பிக்கப்பின் பின்விளக்கு ஒயரையே அறுத்து டிரெய்லருக்கும் இணைப்பது பழைய வண்டிகளில் ஓரளவு ஓடியது. அதிலும் ஒரு பக்கத்துக்கு மூன்றாவது 21 வாட் பல்பு சேர்வதால் இண்டிகேட்டரை மினுக்கவைக்கும் ஃபிளாஷர் தாங்காமல் தாளம் தப்பும். இப்போது வரும் வண்டிகளில் விளக்குகளை ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி கவனிக்கிறது. கூடுதல் சுமை கண்டால் ஷார்ட் என்று எண்ணி அந்த விளக்கையே அணைத்துவிடும், பெட்டியே போனாலும் போகும். ஆகவே பிக்கப்பின் விளக்கு ஒயரிலிருந்து சைகை மட்டும் எடுத்து, கரண்டை பேட்டரியிலிருந்து தனியாகக் கொடுக்க வேண்டும். இடது, வலது, பிரேக், பார்க் என நான்கு 12 வோல்ட் ரிலே (சைகை வந்தால் கரண்டை இணைக்கும் சுவிட்ச்) போதும். ரிலேயின் முனை எண்களில் 86-இல் சைகை, 85-இல் எர்த், 30-இல் பேட்டரி, 87-இலிருந்து டிரெய்லர். பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 15 ஆம்பியர் ஃப்யூஸ். அதைத் தள்ளி வைத்தால், நடுவில் உரசி ஷார்ட் ஆகும் ஒயருக்குக் காவல் இல்லை. எல்.இ.டி. பின்விளக்குள்ள வண்டிகளில் சைகை துடிப்பாக வருவதால் சாதாரண ரிலே படபடக்கும். அங்கே இதற்கென்றே விற்கும் டிரெய்லர் மாட்யூலை வாங்குவதே மேல்.

இனி உப்பு. 2025 ஏப்ரலில் திறந்த பாம்பன் புதிய ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலோக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. அதே காற்றில், ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு எத்தனை நாள் நிற்கும்? டேப் வெயிலில் இளகும், ஓரம் பிரியும், ஈரம் உள்ளே போகும். செம்பு இழைகளுக்கு நடுவே உப்புநீர் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறும். தோலை உரித்துப் பாருங்கள்: நுனியில் பச்சை, ஒரு முழம் தள்ளியும் இழை கறுத்திருக்கும். சாலிடர் பிடிக்கவே பிடிக்காது. வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர், கிரிம்ப் செய்த (நசுக்கிப் பிடித்த) லக் முனை, அதன் மேல் உள்ளே பசை தடவிய சுருங்கு குழாய், இவை மூன்றும் சேர்ந்தால்தான் இங்கே தாக்குப்பிடிக்கும். வீட்டு ஒயரிங்குக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறதே என்று போடாதீர்கள்.

இழுவைக் கொக்கி விஷயத்தில் பேச நிறைய இருக்கிறது. பின் பம்பரில் அழகுக்கு மாட்டும் குண்டு இழுப்பதற்கானதே அல்ல. பம்பரைத் தாங்குவது மெல்லிய தகடு. கொக்கியின் சட்டம் சேசிஸின் இரண்டு பக்கத் தண்டிலும் பிடிக்க வேண்டும், பக்கத்துக்குக் குறைந்தது இரண்டு போல்ட். தலையில் 8.8 என்று பொறித்த எம்12 போல்ட்டுக்குச் சுமார் 80 நியூட்டன் மீட்டர் முறுக்கு. தண்டு பெட்டி வடிவமாக இருந்தால் உள்ளே குழாய்த் துண்டு கொடுத்துத்தான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் தகடு உள்வாங்கும், இறுக்கியதுபோல் தோன்றும், 100 கி.மீ. ஓடியதும் தளரும். சேசிஸில் வெல்டிங் வைப்பது நம் ஊர்ப் பழக்கம், ஆனால் தவறு. சூடு ஏறிய விளிம்பில்தான் விரிசல் விடும், துருவும் அங்கிருந்துதான் தொடங்கும்.

குண்டின் அளவு 50 மி.மீ. சந்தையில் ஒன்றே முக்கால் அரைக்கால் அங்குலக் குண்டும் கிடைக்கிறது, அது 47.6 மி.மீ. 50 கப்ளிங் அதன் மேல் உட்காரும், பூட்டும், 'டக்' என்று சத்தமும் கேட்கும். வேகத்தடையில் தூக்கிப் போட்டால் கழன்றுவிடும். பூட்டிய பிறகு டிராபாரை (டிரெய்லரின் முன்தண்டை) ஜாக்கியால் தூக்கிப் பாருங்கள். கூடவே பிக்கப்பின் பின்பக்கமும் எழும்பினால் பூட்டு சரி. பட்டை ஸ்பிரிங் பிக்கப் காலியாக இருக்கும்போது உயர்ந்து நிற்பதால் குண்டையும் இறக்கி வைக்க வேண்டும். பாரம் ஏற்றிய பின் டிராபார் தரைக்கு இணையாக நிற்பதே குறி.

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் தெரியும். டிரெய்லருக்கும் அதேதான். குண்டின் மேல் அழுத்தும் எடை, டிரெய்லரும் படகும் சேர்ந்த எடையில் 5 முதல் 10 சதவீதம் இருக்க வேண்டும். 800 கிலோ என்றால் 40 முதல் 80 கிலோ, 60-க்கு மேல் இருந்தால் நிம்மதி. 40-க்கும் குறைந்தால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும், வேகம் கூடக் கூட ஆட்டமும் கூடும். 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சினே 35 கிலோவுக்கு மேல் வரும். அதைப் படகின் பின்பக்கத்திலேயே விட்டு, வலையையும் ஐஸ் பெட்டியையும் பக்கத்தில் குவித்தால் பின்பாரம் ஆகாமல் என்ன செய்யும்? எஞ்சினைக் கழற்றிப் பிக்கப்பில் ஏற்றுங்கள், வலையை அணியத்துப் பக்கம் (படகின் முன்பக்கம்) தள்ளுங்கள். அளப்பதற்கு மீன் ஏலக்கூடத்துத் தட்டுத் தராசே போதும். குண்டு உயரத்துக்கு ஒரு கட்டையைத் தராசின் மேல் நிறுத்தி, கப்ளிங்கை அதன் மேல் இறக்கினால் எண் தெரிந்துவிடும். ஆட்டம் கண்டுவிட்டால் திடீர் பிரேக் வேண்டாம், ஸ்டீயரிங்கையும் வெட்ட வேண்டாம். ஆக்சிலரேட்டரை விட்டால் தானே அடங்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பாம்பன் சாலைப் பாலத்தில் இதை மறக்கக் கூடாது. படகு அங்கே பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும்.

கடலில் இறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். கரண்ட் இருக்கும்போதே உப்புநீரில் முங்கினால் பாசிட்டிவ் முனை சில தடவையிலேயே கரைந்து பச்சைக் குழம்பாகும். நெடுந்தூரம் ஓடி வந்த டிரெய்லரை உடனே நீரில் தள்ளவும் கூடாது. சூடான சக்கரக் குடம் திடீரெனக் குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாக நீரை உறிஞ்சும். பேரிங் அரித்துப் போவது அதனால்தான். கால் மணி நேரமாவது ஆறட்டும். பிறகு நல்ல தண்ணீரில் கழுவுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். குடிதண்ணீருக்கே குடத்தோடு அலையும் மாவட்டத்தில் டிரெய்லர் முழுவதையும் கழுவ யாரால் முடியும்? பிளக்கு, சக்கரக் குடம், கப்ளிங் மூன்றுக்கு மட்டும் அரை வாளி போதும். இதைவிட எளிய வழி, விளக்குகளை டிரெய்லரில் பொருத்தாமல் ஒரு பலகையில் பொருத்தி, படகின் பின்பக்கத்தில் கட்டுவது. இறக்கும் முன் கழற்றி வண்டியில் வைத்துக்கொள்ளலாம். படகுக்கு வெளியே பின்னால் இருப்பதால் வெளிச்சமும் மறையாது.

காப்புச் சங்கிலி இரண்டு, கப்ளிங்குக்கு அடியில் குறுக்காகப் போட்டு சேசிஸ் கொக்கியில் மாட்ட வேண்டும். டிராபார் கழன்றாலும் தரையில் குத்தாமல் சங்கிலி ஏந்திக்கொள்ளும். நைலான் கயிறு இதற்கு ஈடாகாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 61-வது பிரிவின்படி டிரெய்லருக்கும் பதிவு வேண்டும், இழுக்கும் வண்டியின் எண் டிரெய்லரிலும் தெரிய வேண்டும். எவ்வளவு எடை இழுக்கலாம் என்பதை வண்டியின் கையேட்டில் பாருங்கள். அதில் இல்லையென்றால் தயாரித்த நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

மீன்வளத் துறைக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் படகு ஆய்வு நடக்கும் நாட்களில், இறங்குதளத்தில் ஒரு மேசை, ஒரு பேட்டரி, சரியாக ஒயரிங் செய்த ஒரு சாக்கெட் வையுங்கள். வரும் டிரெய்லர்களின் பிளக்கை அதில் செருகிப் பார்க்க ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் ஆகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாட்களில் பட்டறைக்காரர்களும் எலக்ட்ரீஷியன்களும் எப்படியும் இறங்குதளத்துப் பக்கம்தான் இருப்பார்கள். கோளாறு தெரிந்ததை அங்கேயே சரி செய்துவிடலாம்.

இப்படிக்கு,
வாகன மின்பணியாளர்கள் சிலர்,
உச்சிப்புளி.