ஹிருதய கமலம்

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். அவளுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை.

நீ அனுப்பிய படத்தை அவளிடம் காட்டினேன். பனியில் விழுந்து கிடந்த அந்தச் சிவப்பு இலை, இதயம் மாதிரியே இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தவள், "நம்ம பூவரச இலையாட்டம் இருக்கு. இதுல கொழுக்கட்டை தட்டலாமான்னு கேளுங்க" என்றாள்.

எனக்கு உடனே பாமணி ஆற்றங்கரையில் உன் தாத்தா போத்து வெட்டி நட்ட பூவரசு ஞாபகம் வந்தது. நீ இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதிய மரம். காலையில் மஞ்சளாகப் பூத்து, சாயங்காலம் சிவந்து போகும். மறுநாள் போய் அதன் கீழே நின்றேன். அம்மா கொழுக்கட்டைக்கு இலை பறிப்பது கண்ணில் நின்றது. பூச்சி அரிக்காத இலையாகப் பார்த்துப் பறிப்பாள். மாவை மெல்லிசாகத் தட்டி, தேங்காய்ப் பூரணம் வைத்து, நடு நரம்போடு மடித்து இட்லிப் பானையில் வைப்பாள். வெந்த பிறகு இலையை உரித்தால் அத்தனை நரம்பும் மாவில் பதிந்திருக்கும். பூரணம் பிதுங்காததாக ஒன்றை எடுத்து, ஆறவைத்து, உன் தட்டில் வைப்பாள். எத்தனையோ வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மாவால் குனிய முடியாததால் வெள்ளிக்கிழமைக் கோலம் இப்போது என் கையில். அவள் திண்ணையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் போடுகிறேன். ஹிருதய கமலம்தான். நடுவில் ஒரு புள்ளி, எட்டுத் திசைக்கும் ஐந்தைந்து, ஆக 41. ஒரு திசையில் முதல் புள்ளியில் தொடங்கினால், அடுத்த திசையில் மூன்றாவது, அதற்கடுத்து ஐந்தாவது, பிறகு இரண்டு, நாலு, மறுபடி ஒன்று. இப்படியே ஐந்து சுற்று வந்தால் கோடு தொடங்கிய புள்ளிக்கே வந்து சேர்ந்துவிடுகிறது. அந்தக் கடைசி இழை சேரும்போது எட்டு இதழும் ஒரே நேரத்தில் தெரிகிற அழகு இருக்கிறதே, பாப்பா, அதைப் பார்த்துவிட்டு எழுந்திருக்கவே மனசு வரவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் இதைப் போடுகிறாள். நான் தாண்டித் தாண்டி வேலைக்குப் போயிருக்கிறேன்.

அவள் அரிசி மாவுதான் வேண்டும் என்கிறாள், கல்மாவு கூடாதாம். எட்டு மணிக்கெல்லாம் எறும்பு வரிசை கட்டிவிடுகிறது. வெயில் ஏறுவதற்குள் ஒரு இதழ் காலி.

போன வெள்ளிக்கிழமை முடித்து நிமிர்ந்தபோது, "யாருக்காக இவ்வளவு சிரத்தையா போட்டுக்கிட்டு வந்தே?" என்று கேட்டேன். "பள்ளிக்கூடம் போறப்ப அவ இதை மிதிக்காம, ஓரமா சுத்திப் போவா. அதைப் பாக்கத்தான்" என்றாள். உனக்கு அது நினைவிருக்கிறதா?

உன் சமையல் மேடையில் கொஞ்சம் மாவு தூவிப் போட்டுப் பார். ஒன்று, மூன்று, ஐந்து, இரண்டு, நாலு. படம் எடுத்து அனுப்பு, அம்மா புள்ளியை எண்ணிப் பார்க்கக் காத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா