ஏப்ரல் வெயிலில் பள்ளி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கனமழையால் பள்ளி நாட்கள் வீணாவதைக் கருதி, கேரளத்தின் கோடை விடுமுறையை ஏப்ரல், மே மாதங்களிலிருந்து ஜூன், ஜூலைக்கு மாற்றலாமா என்று அம்மாநிலக் கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி 2025 ஜூலை இறுதியில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டிருந்தார். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் தமிழ்வழிப் பள்ளியொன்றில் நெடுங்காலம் பாடம் நடத்தியவன் என்ற முறையில், இம்மாற்றம் எங்கள் பகுதிக்கு வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஊராட்சிகள் கேரளத்தில் இருந்தாலும், கொச்சியில் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழை இங்கே பெரும்பாலும் சாரலாகவே வந்து சேர்கிறது. ஜூன், ஜூலையில் எங்கள் பிள்ளைகளால் நிம்மதியாகப் படிக்க முடியும். ஏப்ரல் அப்படியல்ல. 2024 ஏப்ரல் இறுதியில் பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கை விடுக்கப்பட்டு, மே மாதத் தொடக்கத்தில் கல்வி நிலையங்களை மூடும்படி மாநில அரசே உத்தரவிட்டதை இதற்குள் மறந்துவிட முடியுமா?

நான் பாடம் நடத்திய வகுப்பறைக்குத் தகரக் கூரை. மார்ச் மாதத் தேர்வின்போதே பிற்பகல் இரண்டு மணிக்கு ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியாது. வியர்வை பட்டு விடைத்தாள் நனைந்துவிடக் கூடாதென்று பிள்ளைகள் கைக்குட்டையை மடித்து மணிக்கட்டின் கீழ் வைத்துக்கொண்டு எழுதுவார்கள். காலையில் புட்டியில் கொண்டுவந்த தண்ணீர் அந்நேரம் வாயில் வைக்க முடியாதபடி சுடும். இதே அறையில் மே மாதம் முழுவதும் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளை உட்கார வைப்பதை நினைக்கவே மனம் பதறுகிறது.

ஆந்திரத்தில் மார்ச் நடுவிலிருந்தே காலை 7.45 முதல் 12.30 வரை அரைநாள் பள்ளிதான். சித்தூர் மாவட்டத் தமிழ்ப் பிள்ளைகளும் வெயில் ஏறுமுன் பாடம் முடித்து வீடு திரும்புகிறார்கள். அந்த ஏற்பாட்டையாவது இங்கே மார்ச் மாதத்துக்குக் கொண்டுவரலாம்.

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து அத்தை, மாமா வீட்டுப் பிள்ளைகளுக்கு விடுமுறை இருக்கும் நாட்களில் எங்கள் பிள்ளைகள் பள்ளியில் இருக்க வேண்டி வரும் என்பது வேறொரு வருத்தம். மழையில் அவதிப்படும் மூணாறு தோட்டப் பகுதித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஜூன், ஜூலை விடுமுறை நன்மையாக இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் மாவட்டத்துக்கு மாவட்டம், ஏன், வட்டத்துக்கு வட்டம் நாட்காட்டி மாற இடமளிக்க வேண்டும் என்கிறேன்.

முடிவெடுக்குமுன், இதற்கான கேள்விகளைத் தமிழில் அச்சிட்டு, தமிழ்வழிப் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் வைத்து, தாய்மார்களின் கருத்தையும் எழுதி வாங்குமாறு கேரளக் கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.