பப்பாளிப்பழம் என்ன பாவம் செய்தது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்கள் தொடக்கூடாதவை என்று பப்பாளி, எள், செம்பருத்தி மூன்றையும் ஒரே வரியில் போட்டிருந்தீர்கள். காயா பழமா, எவ்வளவு, ஏன் என்று எதுவும் இல்லை.

டெஸ்ட் டியூப் சிகிச்சையில் எனக்குக் கரு வைத்த ஒன்பதாம் நாள், பசி தாங்காமல் இரண்டு துண்டு பப்பாளிப்பழம் சாப்பிட்டேன். அப்புறம் ரத்தப் பரிசோதனையில் கரு தங்கவில்லை என்று வந்தது. "நான்தான் அன்னைக்கே சொன்னேனே" என்றார் மாமியார். அந்த ஒரு சொல்லை மூன்று வருடம் சுமந்தேன்.

பப்பாளிக்காயைக் கீறினால் வெள்ளையாகப் பால் வடியும். வில்லங்கம் அந்தப் பாலில்தான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தார் 2002இல் வெளியிட்ட ஆய்வில், அந்தப் பால் எலியின் கருப்பையைச் சுருங்க வைத்தது. பழுத்த பப்பாளியைத் தின்ற எலிகளுக்கோ, கரு பதிந்த இடங்களின் எண்ணிக்கைகூடக் குறையவில்லை. பழுக்கப் பழுக்கப் பால் வற்றிவிடுகிறதே! எலிக்கு நடந்தது நமக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லவரவில்லை. ஆனால் காயையும் பழத்தையும் ஒன்றாகக் கட்டி விலக்கச் சொல்ல அதில் இடமில்லை.

செம்பருத்தியும் அப்படித்தான். எலிகளில் கரு பதியாமல் தடுத்தது, பூவை பென்சீன் என்ற ரசாயனத் திரவத்தில் ஊறவைத்துப் பிரித்தெடுத்த சாறு. நாம் தலைக்கு அரைத்துத் தேய்ப்பது பென்சீனிலா?

அதற்காகச் செடிகொடி எல்லாமே சாது என்றும் நினைக்க வேண்டாம். 1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒருவகைக் குளோவர் தீவனத்தை மேய்ந்த ஆடுகள் மந்தை மந்தையாகச் சினைபிடிக்காமல் போயின. அதிலிருந்த ஃபார்மோனோநெட்டின் என்ற பொருள் ஆட்டின் இரைப்பையில் ஈக்வால் என்ற வேறொரு பொருளாக மாறி, பெண் ஹார்மோன் போல வேலை செய்துவிட்டது. அவை தின்றது ஒரு வாய் இரண்டு வாய் அல்ல, மாதக்கணக்கில் அதே தீவனம். எவ்வளவு, எத்தனை நாள் என்பதுதான் கணக்கு.

அதனால்தான் எனக்குப் பொடி, சூரணம், லேகியம் பற்றி யோசனை. என் நாத்தனார் மகள் சிகிச்சையில் இருந்துகொண்டே, டாக்டரிடம் மூச்சுவிடாமல், 'கர்ப்பப்பை பலம்பெற' என்று ஒரு சூரணத்தை வேளைக்கு ஒரு கரண்டி சாப்பிடுகிறாள். பொட்டலத்தில் என்ன மூலிகை என்றே எழுதவில்லை.

அது உங்கள் பின்னட்டையில் விளம்பரம் வந்திருந்த அதே சூரணம்தான். பப்பாளிப்பழத்துக்குக் கொடுத்த எச்சரிக்கையில் பாதியாவது அதற்கும் கொடுத்திருக்கலாமே, ஐயா.

ஒரு வாசகி,
பட்டுக்கோட்டை