தட்டுல உக்காந்த பொறிவண்டு

பாப்பா,

நல்லா இருக்கியா, குளிர் எப்படி இருக்கு அங்க. இங்க மலேசியாவுல, நம்ம குளுவாங்ல மத்தியானம் ஆச்சுன்னா மழைதான், துணி காயவே மாட்டேங்குது.

நீ டிரெஸ்டன்ல இருந்து அனுப்புன மைஸன் பீங்கான் வீடியோவ மூணு தடவ பாத்துட்டேன். 1710ல ஆரம்பிச்ச பட்டறையாம், இன்னும் ஓடுதாம், சரி இருக்கட்டும். எனக்கு மண்டையில ஏறுனது ஒரே விசயம்தான், சூளையில வேகும்போது வெள்ளையில கரும்புள்ளியோ ஊசி ஓட்டையோ விழுந்துட்டா தட்ட தூக்கிப் போடாம அது மேலயே ஒரு எறும்போ வண்டோ குட்டிப் பூவோ வரைஞ்சு மறைச்சிருவாங்கன்னு சொன்னாங்க பாரு, அதக் கேட்டதும் நேரா போய் அலமாரில இருந்து ஆயாவோட தட்ட எடுத்துட்டேன்.

அதான், ஆயா துணி தோச்ச வீட்டு தொரசாணி ஊருக்குப் போறப்ப குடுத்தது, ஓரம் கொஞ்சம் உடைஞ்சிருக்கும், உங்கப்பா கூட ஆஷ்ட்ரேக்கு கேட்டு திட்டு வாங்குனாரே. நடுவுல பூங்கொத்து, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லாம விளிம்புகிட்ட ஒத்தையா ஒரு செவப்பு பொறிவண்டு. இத்தன வருசமா அழகுக்குன்னுதான் நெனச்சேன். ஜன்னல்கிட்ட சாய்ச்சுப் புடிச்சு நகத்தால தடவுனா பூ மேல பெயிண்டு லேசா மேடு தட்டுது, வண்டு முதுகுல மட்டும் குண்டூசி குத்துன மாதிரி ஒரு பள்ளம்! காலுக்குக் கீழ சாம்பல் கலர்ல நிழல் வேற போட்டிருக்கான் கில்லாடி. ஆயாவே ஒரு தடவ நெசம்னு நெனச்சு துணியால தட்டி விட்டாங்களாம். பின்னாடி முத்திரை தேஞ்சு போச்சு, அதனால இது எந்த ஊருதுன்னு நான் சொல்ல மாட்டேன்.

எனக்கு ஒரு குறை. தட்டுல எல்லாம் பட்டாம்பூச்சி, பொன்வண்டுன்னு பகட்டாத்தான் போடுறாங்க, எண்ணெய் எடுக்கிற நம்ம செம்பன மரத்துப் பூவுல மொய்க்கிற மூக்கு வண்ட எவனாச்சும் வரைஞ்சானா. மகரந்தம் சேக்கறதுக்குன்னு 1981ல கேமரூன்ல இருந்து கொண்டாந்து விட்டது அது, அதுக்கு முன்னாடி ஆயா மாதிரி பொம்பளைங்கதான் பவுடர்ல கலந்த மகரந்தத்த பூ பூவா ஊதிக்கிட்டு முள்ளுல கை கிழிய மரத்துக்கு மரம் நடந்தாங்க. வண்டு வந்து அந்த வேல போனதுல ஆயாவுக்கு சந்தோசம்தான், சம்பளம் கொறஞ்சு போச்சுன்னு மட்டும் ரொம்ப நாள் பொலம்பிக்கிட்டே இருந்தாங்க.

தட்ட தபால்ல அனுப்பச் சொன்னியே, அதெல்லாம் முடியாது. நீ லீவுல மியூசியம் போனா கண்ணாடிகிட்ட நல்லா குனிஞ்சு பாரு, பூவ விட்டுத் தள்ளி தனியா உக்காந்திருக்கிற பூச்சி எத்தனன்னு எண்ணிட்டு போன் பண்ணு. நம்ம நேரம் ராத்திரி பத்துக்குள்ள பண்ணு, அப்பா தூங்கிருவாரு.

அம்மா