சாம்பல் நிறத்தில் ஒரு பட்டன்

அன்புள்ள தோழி,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மாடிப்படி ஏறுவதை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடு.

பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம், நீ கடைசிப் பத்தியில் சொல்லியிருந்த அதே விஷயம்தான். பிரவுசரைத் திறந்தால் நீ கேட்காத ஏதோ ஒரு தேடல் பக்கம் வந்து நிற்கிறது, எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறு. அப்பாவின் கம்ப்யூட்டரோடு இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு இப்போதுதான் எழுந்திருக்கிறேன்.

அப்பா தன் பழைய கடிதங்களையெல்லாம் ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப் ஆக்க ஆசைப்பட்டு, ஓர் இலவச மென்பொருளைத் தேடி இறக்கியிருக்கிறார். அதன் கூடவே பிரவுசரின் மேலே ஒட்டிக்கொள்ளும் பட்டையான ஒரு டூல்பார், ஒரு புதிய தேடல் பக்கம், வானிலை காட்டும் ஏதோ ஒன்று, கம்ப்யூட்டரை வேகமாக்குகிறேன் என்று சொல்லும் இன்னொன்று. கடைசியில் சொன்னதுதான் மோசம். கம்ப்யூட்டரைப் போட்ட உடனே சிவப்பு எழுத்தில் ஆயிரத்துச் சொச்சம் பிழைகள் இருப்பதாகக் காட்டி, சரிசெய்யப் பணம் கேட்கும். அப்பா பயந்துபோய் மூன்று நாள் அதைத் திறக்கவே இல்லை. போனில் அவர் சொன்ன முதல் வார்த்தை, "நான் எதையும் தப்பா அமுக்கலைம்மா." அந்தக் குரல்தான் என்னை உடனே கிளம்ப வைத்தது.

போய் உட்கார்ந்ததும், அவர் இறக்கிய அதே ஃபைலை மறுபடி திறந்து, இன்ஸ்டால் செய்யாமல் ஒவ்வொரு திரையாகப் பார்த்தேன். முதல் திரையில் இரண்டு வழி. 'எக்ஸ்பிரஸ்' என்பது தடித்த எழுத்தில், பக்கத்தில் 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று. 'கஸ்டம்' என்பது மங்கலாக, 'நிபுணர்களுக்கு மட்டும்' என்று. மங்கலானதைத் தேர்ந்தெடுத்தால்தான் அந்த டூல்பாருக்கான டிக் கண்ணில் படுகிறது. அதுவும் முன்னாலேயே போட்டு வைத்த டிக். அடுத்த திரை, பிடிஎஃப் மென்பொருளின் உரிம ஒப்பந்தம் போலவே இருக்கிறது. நிதானமாகப் படித்தால் அது வானிலைக்காரனின் ஒப்பந்தம். 'ஏற்கிறேன்' பச்சையாகப் பெரிதாக இருக்கிறது. 'வேண்டாம்' சாம்பல் நிறத்தில், அழுத்தவே முடியாத பட்டன் போல. அழுத்திப் பார்த்தேன், வேலை செய்கிறது.

அப்பா எதையும் தப்பாக அமுக்கவில்லை, தோழி. அமுக்கச் சொன்னதைத்தான் அமுக்கியிருக்கிறார்.

இது கவனக்குறைவால் நேர்வதில்லை, நன்றாக யோசித்து நடத்தும் வியாபாரம். இப்படி ஒட்டிக்கொண்டு வரும் ஒவ்வொரு மென்பொருளுக்கும், ஓர் இன்ஸ்டாலுக்கு இவ்வளவு என்று அதை ஏற்றிவிடுகிறவனுக்குக் காசு போகிறது. 'ஏற்கிறேன்' என்பதை நாமே அழுத்திவிடுவதால் இதை வைரஸ் என்று சொல்லவும் முடியாது. ஆன்டிவைரஸ்காரர்கள் 'வேண்டாததாக இருக்கக்கூடிய மென்பொருள்' என்று வார்த்தையை அளந்து சொல்கிறார்கள். பெரிய பெயர்களும் இதற்கு விலக்கில்லை. பல மென்பொருள்கள் ஓடத் தேவைப்பட்ட ஜாவாவை அப்டேட் செய்யும்போது, ஆஸ்க் என்ற தேடல் தளத்தின் டூல்பார் டிக்கோடு வந்து நின்ற காலம் உனக்கு நினைவிருக்கும். லெனோவோ 2014-இல் விற்ற சில லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருளைப் போட்டே அனுப்பியது. பூட்டுக் குறி போட்ட பாதுகாப்பான பக்கங்களுக்குள்ளும் அது புகுந்து பார்க்கும். அதற்காக அது பயன்படுத்திய ரகசியச் சாவி எல்லா லேப்டாப்பிலும் ஒன்றே என்பதால், அந்தச் சாவி கையில் கிடைத்த எவனும் நடுவில் நின்று ஒட்டுக் கேட்கலாம் என்பது 2015 பிப்ரவரியில் வெளியே வந்தது. அங்கே 'அடுத்து' என்று அழுத்தக்கூட யாரும் கேட்கவில்லை.

சரி, உன் கம்ப்யூட்டருக்கு வருகிறேன். செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து, இன்ஸ்டால் செய்த தேதிப்படி வரிசைப்படுத்து. தொல்லை ஆரம்பித்த அதே நாளில் நீ போட்ட ஒன்றோடு நீ போடாத இரண்டு மூன்று அடுத்தடுத்து நிற்கும். நீக்கும்போதும் நிதானம் வேண்டும். 'உண்மையிலேயே எங்களை விட்டுப் போகிறீர்களா' என்று கேட்கும் பெட்டியில் பட்டன்களை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். அப்புறம் பிரவுசரில் எக்ஸ்டென்ஷன்கள் (பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் குட்டி மென்பொருள்கள்), தொடக்கப் பக்கம், தேடுபொறி மூன்றையும் பார். நோட்டிபிகேஷன் அனுப்ப அனுமதி வாங்கிய தளங்களின் பட்டியலையும் விடாதே. மூலையில் எட்டிப் பார்க்கும் விளம்பரங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன.

இவ்வளவும் செய்துவிட்டு, வேலை முடிந்தது என்று படுத்தேன். காலையில் அதே தேடல் பக்கம்! பிரவுசர் ஷார்ட்கட்டின் ப்ராபர்ட்டீஸைத் திறந்து பார்த்தால், எதைத் திறக்க வேண்டும் என்று சொல்லும் டார்கெட் வரியின் கடைசியில் அந்தத் தளத்தின் முகவரி ஒட்டியிருந்தது. அதை அழித்தேன். பிறகு, குறித்த நேரத்தில் தானாக வேலைகளை ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்தேன். ஏதோ அப்டேட் போலப் பெயர் வைத்துக்கொண்டு, தினமும் காலையில் எழுந்து எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவைக்கும் ஒரு வேலை அங்கே இருந்தது. அதுதான் ஆணிவேர். அதைப் பிடுங்கியபின் ஆட்கிளீனர் என்ற இலவசக் கருவியை ஒருமுறை ஓட்டினேன், மிச்சசொச்சமும் போனது. அதை மட்டும் இப்போது அதை வெளியிடும் மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்கு, வேறெங்கிருந்தும் வேண்டாம். கடைசியாக, விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல்' பகுதிக்குள் வேண்டாத ஆப்களைத் தடுக்கும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. 2020-இலிருந்தே உண்டு. அது ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்.

அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது தப்பென்று சொல்லவில்லை. பாஸ்வேர்டு ஏதாவது போயிருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் எந்தக் கதவு வழியாக வந்தது என்று தெரியாமல் அழித்தால், அடுத்த இலவச மென்பொருளோடு மறுபடி வரும்.

இரண்டாம் நாள் மாலை அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த இன்ஸ்டால் திரைகளையும் காட்டினேன். சாம்பல் நிற பட்டனை அவரையே அழுத்தச் சொன்னேன். தயங்கித் தயங்கி அழுத்தினார். திரை நகர்ந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, "இது வேலை செய்யுமா?" என்றார். நேற்று போன் செய்து, வேறொரு மென்பொருளை அதைச் செய்தவர்களின் தளத்திலிருந்தே இறக்கி, கஸ்டம் வழியாகப் போய், இரண்டு டிக்கை எடுத்துவிட்டுப் போட்டதாகச் சொன்னார். கடிதங்கள் ஒரே பிடிஎஃப் ஆகிவிட்டன. நம் கல்லூரி நாட்களில் நீ எனக்கு எழுதியதில் இரண்டு அதற்குள் கலந்திருக்கிறதாம். அடுத்த முறை அனுப்புகிறேன்.

அழிப்பதற்கு முன் அந்த ஆப்ஸ் பட்டியலைத் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை போனில் இருப்பேன், இருவரும் சேர்ந்தே பார்க்கலாம்.

அன்புடன்,
உன் தோழி