17ஆம் தேதி, இரவு 10 மணி

தாமுவே, ரங்கூன்
10 ஆகஸ்ட் 2025, ஞாயிறு மதியம்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. மாந்தளை பஸ் டிரைவர் மழையில் நனையாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டில் எல்லோரும் படித்தோம். பின்சுவர் எழுப்பியாயிற்று, கூரைக்குத் தகரம் வந்துவிட்டது என்று படித்ததும்தான் என் வீட்டுக்காரிக்கு மூச்சு வந்தது. மார்ச் 28 நிலநடுக்கத்துக்கு அப்புறம் நீ எழுதியதிலெல்லாம் செங்கலும் சிமெண்டும்தான் இருந்தன. இந்தத் தடவை ஐந்தாம் பக்கத்தில் "உங்க ஆர்சனல்" என்று ஆரம்பித்தாய் பார், அந்த இடத்தில்தான் நீ பழைய ஆளாகிவிட்டாய் என்று எனக்குப் பட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 17ஆம் தேதி ஞாயிறு, நம் நேரம் இரவு 10 மணி, ஓல்டு டிராஃபோர்டு. பிரீமியர் லீக் சீசனில் நம் இரண்டு பேருக்கும் முதல் ஆட்டமே உன் மான்செஸ்டர் யுனைடெட்டும் என் ஆர்சனலும். எங்களுக்கு முதல் ஆறு ஆட்டங்களைப் போட்டிருக்கிற விதத்தைப் பார்த்தாயா? யுனைடெட், லீட்ஸ், லிவர்பூல், ஃபாரஸ்ட், சிட்டி, நியூகாசில். இதில் லீட்ஸ் ஒன்றுதான் கொஞ்சம் மூச்சுவிட. 31ஆம் தேதி ஆன்ஃபீல்டில் லிவர்பூல், அதுவும் நம் நேரம் 10 மணிதான். மூன்று வருஷம் தொடர்ந்து இரண்டாம் இடத்தில் நின்ற அணிக்கு செப்டம்பர் முடிவதற்குள் இந்த வருஷம் எப்படி என்று தெரிந்துவிடும். 2004க்கு அப்புறம் நாங்கள் பட்டம் பார்க்கவில்லை. அந்த வருஷம் உன் கடைக்கு எதிரில் இருந்த டீக்கடையில் நாம் கடைசி ஆட்டத்தைப் பார்த்தபோது என் பெரியவன் கைக்குழந்தை.

யுனைடெட்டைப் பற்றி நீ ரொம்ப மனம் விட்டுப்போய் எழுதியிருக்கிறாய். 15ஆம் இடம், 42 புள்ளி, பில்பாவோவில் யூரோப்பா லீக் இறுதி ஆட்டத்தில் தோல்வி, எல்லாம் உண்மைதான். ஆனால் ஒன்றை யோசித்துப் பார். ஐரோப்பியப் போட்டி எதுவும் இல்லாததால் இந்த வருஷம் உங்களுக்குப் பெரும்பாலும் வாரத்துக்கு ஒரே ஆட்டம். உங்கள் கோச் அமோரிமுக்குப் போன நவம்பரில் பாதி சீசனில் அணி கைக்கு வந்தது. பின்னால் மூன்று பேரை நிறுத்தி ஆடும் அவருடைய முறையைச் சொல்லிக்கொடுக்க நாளே கிடைக்கவில்லை. இப்போது கிடைக்கும். போன சீசனில் லீக்கில் குன்யா வுல்வ்ஸுக்காக 15 கோல், எம்பியூமோ பிரெண்ட்ஃபோர்டுக்காக 20 கோல். நேற்று செஷ்கோவும் வந்து சேர்ந்துவிட்டான். அவனைத்தான் எங்கள் ஆட்களும் ரொம்ப நாள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். முன்வரிசை நிஜமாகவே மாறிவிட்டது, மச்சான்.

என் கவலை உங்கள் கோல் கம்பத்துக்கு நடுவில். ஒனானாவுக்குத் தொடைத்தசைக் காயம், பாயிந்திர்தான் நிற்பான் போலிருக்கிறது. ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையில் பத்துப் பேரை வைத்துக்கொண்டு எங்களை வெளியே அனுப்பியவன் அவன்தான். ஆட்டத்துக்குள் ஒரு பெனால்டி, கடைசியில் இன்னொன்று, இரண்டையும் பிடித்தான். அதை நான் மறக்கவில்லை. ஆனால் டிசம்பரில் டாட்டன்ஹாமின் சோன் கார்னரிலிருந்து அடித்த பந்து நேராக உள்ளே போனதும் இதே பாயிந்திர் நிற்கும்போதுதான். ஆள் கூட்டமாக வந்து முன்னால் நின்றால் அவனுக்குக் கால் நகரவில்லை. கோலியாக (கோல்கீப்பராக) இருந்த உனக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஆட்கள் கார்னருக்கென்றே தனியாகப் பயிற்சி எடுக்கிறவர்கள். போன டிசம்பரில் உங்களை 2-0 என்று அடித்ததும் இரண்டு கார்னரில்தான். செஷ்கோவுக்குக் கொடுத்த பணத்தில் கால்வாசியை ஒரு நல்ல கோலிக்குப் போட்டிருந்தால் நான் 17ஆம் தேதியை நினைத்து இன்னும் பயந்திருப்பேன். செப்டம்பர் 1 வரை ஆள் வாங்கும் கதவு திறந்திருக்கிறது, பார்ப்போம்.

இனி எங்கள் பக்கம். பிப்ரவரியில் ஹாவெர்ட்ஸுக்கு அடிபட்டதிலிருந்து நடுக்கள ஆட்டக்காரரான மெரினோவை முன்னால் நிறுத்தி ஒப்பேற்றினோம். அதனால் யோகெரெஸ் வந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்கே தெரியும். லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் கிளப்பில் 102 ஆட்டத்தில் 97 கோல். நேற்று அத்லெட்டிக் பில்பாவோவோடு ஆடிய நட்பு ஆட்டத்தில் தலையால் முதல் கோல் போட்டுவிட்டான். 14ஆம் நம்பர் சட்டை, ஆன்ரி போட்ட சட்டை. ஸுபிமெண்டியும் வந்தாயிற்று. இன்னும் எனக்கு ஒரே ஓர் ஆசை, கிரிஸ்டல் பேலஸின் எசே எங்களிடம் வர வேண்டும். பதின்மூன்று வயதில் ஆர்சனலின் இளையோர் பயிற்சிப் பள்ளியிலிருந்து வேண்டாம் என்று அனுப்பப்பட்ட பையன், மே மாதம் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் சிட்டிக்கு எதிராக ஒரே கோலைப் போட்டு பேலஸுக்கு முதல் பெரிய கோப்பையை வாங்கிக் கொடுத்தான். மேடிசனுக்கு முழங்கால் போனதிலிருந்து டாட்டன்ஹாம் அவனைக் கேட்கிறது என்கிறார்கள். அவன் வெள்ளைச் சட்டையில் எங்களுக்கு எதிராக ஆடுவதைப் பார்க்க எனக்கு மனம் வராது.

அப்புறம் நீ கேட்ட கேள்வி. நியூகாசிலின் இசாக் பயிற்சிக்கு வராமல் தன் பழைய கிளப்பில் போய்த் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறானே, 2028 வரை கையெழுத்துப் போட்டவன் செய்கிற வேலையா இது என்று நான் போன கடிதத்தில் கோபமாக எழுதியிருந்தேன். நீ ஒரே வரியில் பதில் எழுதிவிட்டாய்: "உன் யோகெரெஸ் லிஸ்பனில் செய்தது என்ன?" மச்சான், அதைப் படித்துவிட்டு நான் இரண்டு நாள் யோசித்தேன். நீ சொன்னது சரி. இரண்டு பேரும் ஸ்வீடன்காரர்கள், இரண்டு பேரும் பயிற்சிக்குப் போகாமல் இருந்துதான் கிளப்பை நெருக்கினார்கள். ஒருவன் எனக்குக் கிடைத்தான் என்பதற்காக அதை ஆசை என்றும், இன்னொருவன் லிவர்பூலுக்குப் போகப் பார்க்கிறான் என்பதற்காக அதைத் துரோகம் என்றும் நான் சொன்னால் அது நியாயம் இல்லை. நியூகாசில்காரர்களை நினைத்தால் வருத்தமாகவே இருக்கிறது. உள்நாட்டுக் கோப்பை ஒன்றுக்காக 70 வருஷம் காத்திருந்து மார்ச்சில் லீக் கோப்பையை வாங்கினார்கள், இறுதி ஆட்டத்தில் கோல் போட்டவனும் இதே இசாக்தான். லிவர்பூல் கேட்ட 11 கோடி பவுண்டை அவர்கள் வேண்டாம் என்று திருப்பியதும் சரி என்றே நினைக்கிறேன். ஆனாலும் போகிறேன் என்பவனைத் திட்டுவதை இனிமேல் விட்டுவிட்டேன். மே மாதம் ஆன்ஃபீல்டில் எங்களோடு ஆடும்போது லிவர்பூலை விட்டுப் போகிறேன் என்று சொல்லிவிட்ட டிரென்ட் உள்ளே வந்ததும் சொந்த ஊர்க்காரர்களே கூச்சல் போட்டார்களே, அன்றைக்கே எனக்கு அது பிடிக்கவில்லை. இருபது வருஷம் வளர்த்த பிள்ளை.

போன ஞாயிறு சியோலில் சோன் விடைபெற்றதைப் பார்த்தாயா? பார்க்காவிட்டால் யாரிடமாவது கேட்டுப் பார். பத்து வருஷம், 173 கோல். 65ஆவது நிமிடத்தில் அவனை வெளியே எடுத்தார்கள். டாட்டன்ஹாம்காரர்கள் மட்டும் இல்லை, எதிரில் ஆடிய நியூகாசில்காரர்களும் சேர்ந்து வரிசையாக நின்று வழி விட்டார்கள். ஒவ்வொருவராகக் கட்டிப் பிடித்துவிட்டுப் போய் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். டாட்டன்ஹாம் ஆள் என்று பார்க்காமல் எனக்கும் கண் கலங்கிவிட்டது. போவதென்றால் இப்படிப் போக வேண்டும் என்று என் வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

அதைச் சொல்லி மூன்றாம் நாள் ராத்திரி நம் அணியின் கோலி வந்தான். அவனை உனக்குத் தெரியும், நீ போன வருஷம் வந்தபோது பெனால்டியில் எந்தக் காலைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாயே, அந்தப் பையன். மணி ஒன்பதரை இருக்கும், கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தியோடு கதவைத் திறந்தால் குடைகூட இல்லாமல் நிற்கிறான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. கையுறை இரண்டையும் நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். "மாமா, இது டீமுக்கு. ஞாயிற்றுக்கிழமை நான் வரமாட்டேன்" என்றான். எங்கே என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இப்போது தாய்லாந்தில் இருக்கிறான் என்று நேற்றுத்தான் அவன் அம்மா சொன்னார்கள். இடது கையுறையில் மணிக்கட்டில் ஒட்டுகிற பட்டை எப்போதோ பிய்ந்துபோய், அதை மீன் பிடிக்கிற நைலான் நூலால் அவனே தைத்திருக்கிறான். நெருக்கமான சின்னச் சின்னத் தையல். வலது கையில் விரல் நுனி மூன்றும் தேய்ந்து பஞ்சு தெரிகிறது. கழுவிக் காயவைத்துத்தான் கொடுத்திருக்கிறான். இந்த மழையில் அது காய இரண்டு நாளாவது ஆகியிருக்கும். அப்படியென்றால் இரண்டு நாள் முன்னாலேயே முடிவு செய்துவிட்டான்.

சோனுக்கு மைதானம் நிறைய ஆள் இருந்தார்கள், மச்சான். நம் பையனுக்கு என் வாசலில் ஒரு மெழுகுவர்த்தி. போவதென்றால் இப்படிப் போக வேண்டும் என்று நான் சொன்னதை அன்று ராத்திரி நினைத்து ரொம்ப வருத்தப்பட்டேன். சொல்லிக்கொண்டு போக முடிந்தவன் சொல்லிக்கொண்டு போகிறான். நம் பையன்களுக்கு அது முடியவில்லை. இந்த வருஷம் அணியிலிருந்து இவனோடு சேர்த்து ஏழு பேர். தாய்லாந்து, மலேசியா. யாருக்கும் நாம் ஒரு மாலை போடவில்லை, ஒரு டீ வாங்கிக் கொடுக்கவில்லை. சட்டைகளை மடித்து மூட்டையில் வைத்திருக்கிறேன். ஏழு நம்பர்களையும் வேறு யாருக்கும் இன்னும் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மனம் வரவில்லை. ஆனால் ஆட ஆள் வேண்டுமே, அடுத்த வாரம் கொடுக்கத்தான் வேண்டும்.

நம் மியான்மர் அணியைப் பற்றியும் கேட்டிருந்தாய். ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆப்கானிஸ்தானை இங்கேயே 2-1, பாகிஸ்தானை அவர்கள் ஊரில் 1-0. கையில் 6 புள்ளி. சிரியாவுக்கும் 6. அக்டோபரில் இரண்டு தடவை சிரியாவோடுதான் மோத வேண்டும், பிரிவில் முதலிடம் பிடிக்கிற ஓர் அணிக்குத்தான் 2027 ஆசியக் கோப்பை. 1968இல் தெஹ்ரானில் இரண்டாம் இடம் வாங்கியதோடு சரி, அதற்கு அப்புறம் நாம் அந்தப் பக்கமே போகவில்லை. சிரியா பலமான அணி. ஜெயிப்போம் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை, ஆனால் ஓர் ஆட்டத்தையாவது டிரா செய்தால் போதும் என்றும் மனம் ஒப்பவில்லை. 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் ஈரானை அடித்துத் தங்கம் வாங்கிய கதையை உன் அப்பா சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம்.

பெண்கள் அணி ஆட்டத்துக்கு ஜூலை 2 அன்று சின்னவளைத் துவுன்னா மைதானத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். பங்களாதேஷிடம் 1-2. ஆசியக் கோப்பைக்கு அவர்கள் போய்விட்டார்கள். ரிதுபர்ணா சக்மா என்ற பெண் போட்ட இரண்டாவது கோல் அவ்வளவு அழகு, நம் கூட்டத்திலேயே சிலர் கை தட்டினார்கள். சின்னவள் வீடு வரைக்கும் பேசவே இல்லை. போன வியாழக்கிழமை வியட்நாமில் ஆஸ்திரேலியாவின் 23 வயதுக்குட்பட்டோர் அணியை நம் பெண்கள் 2-1 என்று ஜெயித்த பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

இப்போது உன்னிடம் ஒரு வேலை கேட்கிறேன். 17ஆம் தேதி மாலை 4 மணிக்கு சிரியம் பையன்களோடு நமக்கு ஆட்டம். கோலியாக நிற்க ஒத்துக்கொண்டிருப்பவன் கடைக்கோடி வீட்டுப் பையன், பதினைந்து வயது. உயரம் இருக்கிறது, பயமும் இல்லை, ஆனால் பந்தை நெஞ்சோடு அணைக்கத் தெரியவில்லை, தட்டித் தட்டி விடுகிறான். சேற்றில் அது ஆபத்து. நான் எவ்வளவு சொன்னாலும் நான் பின்வரிசையில் ஆடினவன், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நீ சனிக்கிழமை காலைக்குள் வந்து சேர்ந்தால் அவனுக்கு ஒரு நாளாவது கிடைக்கும். கடையை மருமகன் பார்த்துக்கொள்வான் என்று நீயே எழுதியிருக்கிறாய். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறு, காலையில் நிலையத்துக்கு நான் வருகிறேன். ஞாயிறு ஆட்டம் முடிந்து குளித்துவிட்டு நேராக டீக்கடைக்குப் போவோம். கடைக்காரர் ஜெனரேட்டர் வைத்திருக்கிறார், 10 மணி ஆட்டத்துக்குக் கரண்ட் கவலை இல்லை. சுவரோரம் நம் மேசையைச் சொல்லி வைத்துவிட்டேன்.

கையுறை அந்தப் பையனுக்குக் கொஞ்சம் பெரிது. வலது கையின் விரல் நுனிக்கு ஒட்டுப் போட மெல்லிய ரப்பர் ஏதாவது மாந்தளையில் கிடைத்தால் வாங்கி வா, இங்கே நான் கேட்ட இரண்டு கடையில் இல்லை. இடது கைத் தையலை மட்டும் யாரும் பிரிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. இன்றைக்கு எட்டரைக்கு லிவர்பூல், பேலஸ் ஆட்டம். எசேயைப் பார்க்கப் போகிறேன். போகிற வழியில்தான் பஸ் டிரைவரிடம் இதைக் கொடுக்க வேண்டும்.

உன்
மச்சான்